ஒரே செயலியில் 'கேரளா ஸ்டோரி'யும் 'அயோத்தி'யும்: நம் வீடுகளில் எதைப் பார்க்கிறோம்?

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை நம்பி வாழும் குடும்பங்களுக்கு ஓய்வு என்று கிடைப்பது அந்த ஒரு நாள்தான். முன்பெல்லாம் படம் பார்க்க தியேட்டருக்குப் போக வேண்டும். இப்போது ஜீ5, சோனிலிவ், நெட்பிளிக்ஸ், பிரைம் எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. ஒரே வீட்டில் அத்தா ஒரு படமும் பிள்ளைகள் வேறொரு தொடரும் பார்க்கிறார்கள். யார் எதைப் பார்க்கிறார் என்பது அடுத்தவருக்குத் தெரிவதில்லை.

சினிமாவே வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் குடும்பங்களும் நம்மில் உண்டு. அவர்களின் பேணுதலை மதிக்கிறோம். ஆனால் படம் பார்க்காதவர்களைப் பற்றியும் படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றை அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்கள். ஆகவே, நம்மைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளை எப்படி எடைபோடுவது என்ற கேள்வி எல்லோருக்கும் பொதுவானது.

திருப்பூர் கற்ற பாடம்

காட்சி என்ன செய்யும் என்பதை நம் ஊர் நேரில் கண்டிருக்கிறது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றம் வரை அது எதிரொலித்தது. பரவியவற்றில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கு இடையே நடந்த சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த தகராறு என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். இன்னொரு காணொளி பாட்னாவில் ஆட்களை நடிக்க வைத்து எடுக்கப்பட்டது என்று பீகார் காவல்துறையே பின்னர் கூறியது.

விளக்கம் வருவதற்குள் அச்சம் முந்திக்கொண்டது. ஊரிலிருந்து வீட்டார் அழுதுகொண்டே போன் செய்ய, பலர் ரயிலேறினார்கள். பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்த தமிழரின் முகத்தைவிட, கைப்பேசியில் வந்த முகம் தெரியாதவனின் காணொளி அவர்களுக்கு உண்மையாகத் தோன்றியது.

அதே வாரத்தில், 2023 மார்ச் 3 அன்று, 'அயோத்தி' திரைப்படம் வெளியானது. மந்திரமூர்த்தி இயக்கிய இப்படத்தில், தீபாவளி நேரத்தில் அயோத்தியிலிருந்து இராமேஸ்வரம் வரும் ஒரு குடும்பம் விபத்தில் சிக்குகிறது. தாய் இறந்துபோகிறார். மொழி தெரியாத அந்தக் குடும்பத்துக்காக, பிரேதப் பரிசோதனை முதல் உடலை விமானத்தில் அனுப்புவது வரை அனைத்துக்கும் ஓடி அலைகிறார் சசிகுமார் நடித்த இளைஞர். படத்தின் முடிவைச் சொல்வதற்கு மன்னிக்கவும்: விடைபெறும் நேரத்தில்தான் அவரது பெயரைக் கேட்கிறார்கள். அப்துல் மாலிக் என்கிறார்.

அதுவரை அவர் தொப்பி அணிந்து வரவில்லை. மார்க்கம் பற்றி ஒரு வசனமும் பேசவில்லை. ஒரு முஸ்லிமை அவரது செயலால் மட்டும் அறிமுகம் செய்த படம் அது. வசனத்தில் கணிசமான பகுதி இந்தியில் இருப்பதால், நம் ஊரில் வேலை செய்யும் வடமாநிலத் தோழருக்கும் எளிதில் புரியும்.

32,000 என்ற எண்

இரண்டே மாதத்தில், 2023 மே 5 அன்று 'தி கேரளா ஸ்டோரி' வந்தது. கேரளத்தில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டுத் தீவிரவாதத்தில் சேர்க்கப்பட்டதாக அதன் முன்னோட்டம் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும், யூடியூபில் டிரைலருக்கான குறிப்பில் அந்த எண் மூன்று பெண்கள் என்று மாறியது. மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தில், 32,000 என்ற எண்ணிக்கைக்கு ஆதாரப்பூர்வமான தரவு இல்லை என்று படத்தில் அறிவிப்புப் போடுவதாகத் தயாரிப்பாளர் தரப்பு ஒப்புக்கொண்டது. அதே நாளில் மேற்கு வங்க அரசின் தடையையும் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

தமிழ்நாட்டில் மல்டிபிளெக்ஸ் திரையரங்குகள் இரண்டு நாளில் படத்தை எடுத்துவிட்டன. பிரச்சினை முடிந்தது என்று நம்மில் பலர் நினைத்தோம். முடியவில்லை. 2024 பிப்ரவரியில் அது ஜீ5 தளத்துக்கு வந்தது. மக்களவைத் தேர்தலுக்கு முன், ஏப்ரல் 5 அன்று தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 71ஆவது தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர் விருதும் அதன் இயக்குநருக்கே கிடைத்தது.

கவனியுங்கள், 'அயோத்தி'யும் ஜீ5 தளத்தில்தான் வந்தது. ஒரே செயலியில் இரண்டு படங்கள். ஒன்று இல்லாத எண்ணைச் சொல்லி நம்மைக் கண்டு அஞ்சச் சொல்கிறது. மற்றொன்று நம்மை மனிதராகக் காட்டுகிறது. நம் கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்யும் இளைஞர் இவற்றில் எதைப் பார்த்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவரோடு நாம் பேசியிருக்கிறோமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அதே அளவுகோல் நமக்கும்

ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம், ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படியும், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதபடியும் நமக்கு அறிவுறுத்துகிறது. நம்மைப் பற்றிப் பொய் பரப்புபவர்களுக்கு இதை நினைவூட்டுகிறோம். நாம் கடைப்பிடிக்கிறோமா?

அதே 2023 மே மாதம் 12ஆம் தேதி நெல்சன் வெங்கடேசன் இயக்கிய 'ஃபர்ஹானா' வெளியானது. படம் வருவதற்கு முன்பே, முன்னோட்டத்தை வைத்தே நம் தரப்பிலிருந்து கடும் கண்டனங்கள் எழுந்தன. நடிகைக்குப் போலீஸ் பாதுகாப்புக் கொடுக்கும் நிலை வந்தது. பின்னர் சோனிலிவ் தளத்தில் பார்த்த பலருக்கு, தாங்கள் கற்பனை செய்த படம் இதுவல்ல என்று தோன்றியிருக்கும்.

கடனில் தவிக்கும் ஒரு குடும்பத்துப் பெண் கால் சென்டர் வேலைக்குப் போகிறாள். கூடுதல் வருமானத்துக்காக, முன்பின் தெரியாத ஆண்களோடு போனில் பேசும் பிரிவுக்கு மாறுகிறாள். அதில் ஒருவன் அவளைத் துரத்துகிறான். படத்தின் வில்லன் அவன்தான், இஸ்லாம் அல்ல. அவளது கணவர் நல்ல மனிதர்.

விமர்சிக்க இடமில்லாமல் இல்லை. கட்டுப்பாடான தந்தை, அடங்கிய மகள் என்ற வழக்கமான அச்சில்தான் இங்கும் முஸ்லிம் வீடு வார்க்கப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் படம் எழுப்பும் கேள்வி திருப்பூருக்கு மிக நெருக்கமானது. வீட்டுக் கஷ்டத்துக்காக செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு அங்கே ஒரு தொல்லை நேர்ந்தால், அதை வீட்டில் வந்து சொல்ல முடிகிறதா? சொன்னால் முதலில் வேலையை நிறுத்துவோமா, காது கொடுத்துக் கேட்போமா? கண்டனத்தின் சத்தத்தில் இந்தக் கேள்வி காணாமல் போனது.

தடை கோருவது போதுமா?

2013இல் 'விஸ்வரூபம்' படத்துக்குத் தமிழக அரசு இரண்டு வாரத் தடை விதித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் சில மாற்றங்களோடு பிப்ரவரி 7 அன்று வெளியாகி, பெரும் கூட்டத்தை ஈர்த்தது. அன்று மறியல் செய்யத் தியேட்டர் வாசலாவது இருந்தது. இன்று ஒவ்வொரு கைப்பேசியும் ஒரு தியேட்டர்.

2021இல் பிரைமில் வந்த 'தி பேமிலி மேன்' இரண்டாம் பாகம் ஈழத் தமிழர்களை இழிவுபடுத்துகிறது என்று தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் தடை கோரி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். வைகோவும் சீமானும் எதிர்த்தார்கள். தொடர் வெளியாகத்தான் செய்தது. ஒரு சமூகம் முழுவதையும் துப்பாக்கியோடு மட்டும் காட்டினால் எப்படி வலிக்கும் என்பது அன்று எல்லாத் தமிழருக்கும் புரிந்தது. அந்த வலியைச் சொல்லிப் பேசினால் நம் பேச்சைக் கேட்க ஆளுண்டு.

சட்ட வழியும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு ஓடிடி நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். எந்தக் காட்சி, எந்த நிமிடம், என்ன பொய் என்று குறிப்பிட்டு எழுதும் ஒரு புகார், பார்க்காமல் பகிரும் நூறு வாட்ஸ்அப் செய்திகளைவிட வலிமையானது. படங்களுக்கு 7, 13, 16 வயது என்று தரம் பிரித்துக் காட்டுவதும், 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தருவதும் அதே விதிகளில் உள்ளவை. நம்மில் எத்தனை வீடுகளில் அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறோம்?

வீட்டிலிருந்து தொடங்குவோம்

பார்ப்பதாக இருந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். ஆபாசம் இருந்தால் நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினோம் என்று சொல்லுங்கள். நம்மை இழிவாகக் காட்டும் இடத்தில், "இது உண்மையா? ஆதாரம் என்ன?" என்று பிள்ளையையே கேட்க வையுங்கள். கோவையைக் களமாகக் கொண்ட 'மாநாடு' போன்ற படங்கள், கொலைப் பழியை முஸ்லிம் இளைஞன் மீது போட்டுக் கலவரம் மூட்டும் சதியைக் கதையாக்கின. அதை நம் பிள்ளைகளோடு பேசுவதற்கான வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல படம் வந்தால் மௌனமாக இருந்துவிடாதீர்கள். எதிர்ப்பில் காட்டும் வேகத்தில் பாதியைப் பாராட்டில் காட்டினாலும், அப்படி எடுப்பவர்களுக்குத் துணிவு வரும். எழுத்திலும் படத்தொகுப்பிலும் ஆர்வமுள்ள பிள்ளைகளைத் தடுக்காமல் நெறிப்படுத்துங்கள். நம் கதையை நாமே சொல்லாதவரை அடுத்தவர் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை செய்யும் பீகார் சகோதரரையோ ஒடிசா சகோதரரையோ வீட்டுக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். எந்தச் செயலியிலும் கிடைக்காத அறிமுகம் அது.

பொய்யை அடையாளம் காணும் தெளிவையும், நம் கோபத்திலும் நீதி தவறாத பக்குவத்தையும் அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.