அடுத்த வீட்டுக்காரருக்காக எழுதுங்கள்

தங்கிச் சென்ற விருந்தினரைப் பற்றி நம் தொழிலில் வழக்கமாக எழுதப்படும் ரிவ்யூ இரண்டே வரி. "நல்ல விருந்தினர். எப்போது வேண்டுமானாலும் வரலாம்." பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, குப்பையைக் கட்டி வைத்துவிட்டுப் போனவருக்கும் இதே வரிகள். நாலு பேர் என்று பதிவு செய்துவிட்டு ஒன்பது பேராக வந்து இறங்கி, விடிய விடியப் பாட்டுப் போட்டு, பக்கத்து வீட்டாரிடம் நமக்குப் பேச்சு வாங்கித் தந்தவருக்கும் பல நேரம் இதே வரிகள். அந்த ரிவ்யூவை நம்பி அவருக்கு வீட்டைத் திறந்துவிடப் போகிறவர் நம்மைப் போன்ற இன்னொரு ஹோஸ்ட். அவருக்கு வேண்டியது நடந்த விவரம். நம் உபசார வார்த்தைகளால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. விருந்தினரைப் பற்றிய ரிவ்யூவை அடுத்த ஹோஸ்டை மனத்தில் வைத்து எழுத வேண்டும், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், நாளைத் தள்ளாமல் எழுத வேண்டும். இந்த இதழில் நாம் வற்புறுத்த வருவது இதைத்தான்.

மூடி வைத்து, ஒன்றாகத் திறக்கும் முறை

இரு தரப்பும் ஒருவரையொருவர் மதிப்பிடும் வழக்கம் நம் தொழிலுக்கு முந்தியது. இபே தளத்தைத் தொடங்கிய பியர் ஒமிடியார் 1996-இல் வாங்குபவரும் விற்பவரும் பரஸ்பரம் கருத்து எழுதும் முறையைக் கொண்டுவந்தார். முகம் தெரியாதவர்கள் பணத்தை நம்பி அனுப்ப அதுவே துணையாயிற்று. ஆனால் விற்பவர்கள் பலர் தாங்கள் முதலில் எழுதாமல் காத்திருந்தார்கள். வாங்கியவர் குறை எழுதினால் பதிலுக்கு இவர்களும் குறை எழுதினார்கள். அதற்குப் பயந்தே வாங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் 2008-இல், வாங்குபவருக்கு எதிராக விற்பவர் எழுதும் உரிமையையே இபே எடுத்துவிட்டது.

வீட்டை வாடகைக்கு விடும் தொழிலில் அப்படிச் செய்ய முடியாது. பணம் கைக்கு வந்து பொருளை அனுப்பியதும் விற்பவரின் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. நாமோ விருந்தினர் பணம் கட்டிய பிறகுதான் சாவியைக் கொடுக்கிறோம். கவலை அங்கேதான் தொடங்குகிறது. வருகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள ஹோஸ்டுக்கும் ஒரு வழி வேண்டும். ஆகவே ஏர்பிஎன்பி 2014 ஜூலையில் வேறு வழிக்குப் போனது. அதற்கு முன் ரிவ்யூ எழுத 30 நாள் இருந்தது; ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துவிட்டுத் தன்னுடையதை எழுதலாம். புதிய முறையில் அவகாசம் 14 நாள். இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது 14 நாள் கழியும்வரை, இரண்டு ரிவ்யூக்களும் மூடியே இருக்கும். பிறகு ஒன்றாகத் திறக்கும். திறந்த பின் திருத்த முடியாது; 30 நாளுக்குள் பொதுவில் ஒரு பதில் எழுதலாம், அவ்வளவுதான்.

இந்த மாற்றத்தை எல்லோருக்கும் கொண்டுவருவதற்கு முன் ஏர்பிஎன்பி சோதித்துப் பார்த்தது. அந்தச் சோதனையின் முடிவுகளை ஆண்ட்ரே ஃபிராட்கின், எலினா கிரேவல், டேவிட் ஹோல்ட்ஸ் மூவரும் 2021-இல் 'மார்க்கெட்டிங் சயின்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். மூடிய முறையில் ரிவ்யூ எழுதுவோர் கூடினார்கள், விரைவாகவும் எழுதினார்கள். பழிக்குப் பழியும், புகழுக்குப் புகழும் குறைந்தன. குறைகளைச் சொல்வது சற்றுக் கூடியது. ஆனால் அந்த மாற்றம் சிறியதாகவே இருந்தது என்பதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. "நான் உள்ளதை எழுதினால் அவர் எனக்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிடுவார்" என்ற பயத்துக்கு இந்த முறையில் இடமில்லை. நாம் எழுதியதை அவர் படிக்கும்போது அவர் எழுதுவதற்கான வாய்ப்பு முடிந்துபோயிருக்கும். கதவு இருபுறமும் பூட்டியிருந்தும் நாம் இன்னும் பயந்து பயந்தே எழுதுகிறோம் என்றால், காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

4.8 என்னும் கோடு

விருந்தினர் நமக்கு ஒட்டுமொத்தமாக ஒரு நட்சத்திர மதிப்பு தருகிறார். அதோடு சுத்தம், விளம்பரத்தில் சொன்னதற்கும் நேரில் இருப்பதற்கும் உள்ள பொருத்தம், செக்-இன், தகவல் தொடர்பு, இருப்பிடம், கொடுத்த பணத்துக்கேற்ற மதிப்பு என்று ஆறு தலைப்புகளிலும் தனித்தனியே தருகிறார். ஒட்டுமொத்த மதிப்பு இந்த ஆறின் சராசரி இல்லை. அது தனியாக மனத்தில் பட்டதைப் போடுவது. ஆறிலும் ஐந்து போட்டவர் ஒட்டுமொத்தத்தில் நான்கு போடலாம், போடுகிறார்கள்.

ஏர்பிஎன்பி சிறந்த ஹோஸ்ட்களுக்குத் தரும் சூப்பர்ஹோஸ்ட் தகுதிக்கு அந்த ஒட்டுமொத்த மதிப்பு 4.8-க்குக் குறையக்கூடாது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் கடந்த 365 நாள் கணக்கு பார்க்கப்படும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாலு நட்சத்திரத்தைச் சரிக்கட்டி 4.8-இல் நிற்க நான்கு ஐந்து நட்சத்திரங்கள் வேண்டும். ஒரு மூன்றுக்கு ஒன்பது வேண்டும். ஒரே ஒரு நட்சத்திரம் விழுந்தால் பத்தொன்பது பேர் ஐந்து போட வேண்டும். மாதத்துக்கு இரண்டு பதிவு வரும் சிறிய வீட்டுக்கு அது ஏறத்தாழ ஒரு வருட உழைப்பு.

விருந்தினருக்கு இது தெரியாது. "ரொம்ப நல்லா இருந்துச்சு, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிச்சுது" என்று மனமார எழுதிவிட்டு நாலு நட்சத்திரம் போடுகிறார். ஹோட்டல்களுக்கு மதிப்பெண் போட்டுப் பழகியவருக்கு நாலு என்பது பாராட்டு. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜியோஸ் செர்வாஸ் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏர்பிஎன்பி வீடுகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு 4.5 அல்லது 5 நட்சத்திரச் சராசரியில் இருந்தன. டிரிப்அட்வைசரில் ஹோட்டல்களின் சராசரி 3.8. எல்லோரும் உச்சியில் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் அரை அடி சறுக்கினாலும் அது பெரிய சறுக்கலாகத் தெரியும். ஹோஸ்ட்களின் பயம் இங்கிருந்துதான் வருகிறது. அது நியாயமான பயம். அந்தப் பயத்தில் நாம் பழகிக்கொண்ட வழக்கங்களுக்குத்தான் நியாயம் கற்பிக்க முடியவில்லை.

விட வேண்டிய மூன்று வழக்கங்கள்

முதலாவது, கடைசி நிமிட ரிவ்யூ. நாம் எழுதியதும் "உங்கள் ஹோஸ்ட் எழுதிவிட்டார்" என்று விருந்தினருக்கு அறிவிப்பு போகும். அது அவருக்கும் எழுத நினைவூட்டிவிடும் என்பதால் பதினான்காம் நாள் இரவுவரை காத்திருப்பது. இந்த யோசனையைப் புதிதாக வருகிறவர்களுக்கு மூத்த ஹோஸ்ட்களே சொல்லித் தருகிறார்கள். பதினான்கு நாளில் இன்னும் நாலைந்து பேர் வந்து போயிருப்பார்கள். யார் எதை உடைத்தார், யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது குழம்பிவிடும். அந்த இரவில் மறந்தும் போய்விடும். இதற்கிடையில் அதே விருந்தினர் வேறொரு வீட்டில் தங்கியே போயிருப்பார்.

இரண்டாவது, பண்டமாற்று. கிளம்பும்போதே "உங்களுக்கு அஞ்சு போட்டுடறேன் சார், நீங்களும் அஞ்சு போட்டுடுங்க" என்று கேட்பது. மூடிய முறை எதைத் தடுக்க வந்ததோ அதை வாசற்படியில் வைத்துப் பேசி முடிப்பது இது. நல்ல ரேட்டிங்குக்குக் கட்டணச் சலுகை பேசுவதும் இதில் சேர்ந்ததுதான். இரண்டும் தளத்தின் விதிக்கும் புறம்பானவை.

மூன்றாவது, சேதத்தை மறைப்பது. ஏர்பிஎன்பியில் சேதத்துக்கு இழப்பீடு கேட்க விருந்தினர் கிளம்பியதிலிருந்து 14 நாள்தான் உண்டு. ரிவ்யூ அவகாசமும் அதே 14 நாள். இழப்பீடு கேட்டால் கோபத்தில் மோசமாக எழுதிவிடுவார் என்று, உடைந்த கண்ணாடி மேசையைத் தன் செலவில் மாற்றிவிட்டு, "நல்ல விருந்தினர்" என்று எழுதிவிடுகிறார் ஹோஸ்ட். மேசை போனது ஒருவருக்கு. அந்த இரண்டு வரியால் இனி எத்தனை வீட்டில் என்னென்ன போகும் என்று சொல்ல முடியாது. சேதம் செய்தவர், விருந்து வைத்து விதியை மீறியவர் பழிவாங்கும் எண்ணத்தில் எழுதிய ரிவ்யூவை நீக்கக் கோர இப்போது வழி இருக்கிறது. அதற்கு வேண்டியது சான்று. பேச வேண்டியதைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே பேசுங்கள். விருந்தினர் கிளம்பியதும் படம் எடுத்து வையுங்கள்.

பெயரைத் தாண்டிப் பார்க்க

உண்மையை எழுதுவது தவறு செய்தவரைக் காட்டிக்கொடுக்க மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறோம். பெஞ்சமின் எடல்மன், மைக்கேல் லூக்கா, டான் ஸ்விர்ஸ்கி மூவரும் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் சுமார் 6,400 ஹோஸ்ட்களுக்கு ஒரே மாதிரியான கோரிக்கைகளை வேறு வேறு பெயர்களில் அனுப்பினார்கள். கறுப்பினத்தவருக்குரிய பெயரில் போன கோரிக்கைகள், வெள்ளையருக்குரிய பெயரில் போனவற்றைவிட 16 விழுக்காடு குறைவாகவே ஏற்கப்பட்டன. 2017-இல் வெளியான இந்த ஆய்வு நிறுவனத்தை உலுக்கியது. பதிவு உறுதியாகும் முன் விருந்தினரின் படத்தை ஹோஸ்டுக்குக் காட்டுவதில்லை என்ற முடிவு 2018-இல் வந்தது.

அதை அடுத்து ருவோமெங் சுய், ஜுன் லி, டென்னிஸ் ஜாங் மூவரும் செய்த சோதனைகள் 2020-இல் 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' இதழில் வெளியாயின. ரிவ்யூ ஏதும் இல்லாத கணக்குகளில் அதே பாகுபாடு தெரிந்தது. முன்பு தங்கிய வீட்டின் ஹோஸ்ட் எழுதிய ஒரே ஒரு நல்ல ரிவ்யூ இருந்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. வருகிறவரைப் பற்றி ஒன்றும் தெரியாதபோதுதான் மனிதர்கள் பெயரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். விவரம் தெரிந்தால் விவரத்தைப் பார்க்கிறார்கள்.

பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லும் வழக்கம் நம்மூர் வாடகைச் சந்தையில் எவ்வளவு ஊறியது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரூராக வீடு மறுக்கப்பட்ட ஓர் இளைஞர் நம் வீட்டில் முதன்முறையாகத் தங்கி ஒழுங்காக நடந்துகொண்டு போகிறார் என்றால், அவரைப் பற்றி நாம் எழுதும் நாலு வரி அவருக்கு அடுத்த கதவைத் திறந்துவிடும். சோம்பலில் அதை எழுதாமல் விடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

எப்படி எழுதுவது

பெயரடைகளைக் குறைத்து நடந்ததைச் சொல்லுங்கள். ஏர்பிஎன்பி நம்மிடம் விருந்தினரைப் பற்றிக் கேட்பது மூன்று: சுத்தம், வீட்டு விதிகளை மதித்தது, தகவல் தொடர்பு. அந்த மூன்றுக்குள் நின்றால் போதும். ஒரு மாதிரி:

"நால்வருக்குப் பதிவு, நால்வரே வந்தார்கள். தாமதமாகும் என்பதை மாலையிலேயே தெரிவித்தார். சமையலறையைத் துடைத்து, குப்பையைப் பிரித்து வைத்திருந்தார்கள். சொன்ன நேரத்துக்குக் கிளம்பினார்கள்."

இன்னொன்று:

"நால்வருக்குப் பதிவு, ஒன்பது பேர் தங்கினார்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் வேண்டாம் என்பதை இரண்டு முறை நினைவூட்டினோம். இரண்டாவது முறைக்குப் பிறகு நிறுத்தினார்கள். ஒரு நாற்காலி உடைந்தது. அதை அவர்களே சொல்லிப் பணம் கொடுத்தார்கள்."

இரண்டாவதில் வசை இல்லை. விதி மீறப்பட்டதும் இருக்கிறது, கேட்டபோது அடங்கியதும் இருக்கிறது, உடைத்ததை ஒத்துக்கொண்ட நேர்மையும் இருக்கிறது. படிக்கும் ஹோஸ்ட் தன் வீட்டுக்கு இவர் பொருந்துவாரா என்று தானே முடிவு செய்துகொள்வார். தனி வீடு வைத்திருப்பவர் ஏற்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர் தயங்கலாம்.

துண்டில் கறை, அணைக்காமல் விட்ட ஃபேன் போன்றவற்றைத் தனிக் குறிப்பாக அவருக்கு மட்டும் தெரிவித்தால் போதும். விருந்தினரின் சாதி, மதம், உடை, சாப்பாடு, யாரோடு வந்தார் என்பவை ரிவ்யூவில் வரவே கூடாது. கீஸர் ஓடவில்லை என்று மூன்று முறை போன் செய்தவரைத் 'தொல்லை கொடுப்பவர்' என்று எழுதாதீர்கள். அது நம் கீஸரின் குறை. எழுதும் முன் அறையைச் சுத்தம் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விருந்தினர் வீட்டை எப்படி விட்டுப்போனார் என்று முதலில் பார்த்தவர் அவர்தான்.

நம்மைப் பற்றி வரும் குறைக்குப் பதில் எழுதும்போதும் இதே அளவுகோல். அந்தப் பதிலைப் படிக்கப்போவது அடுத்து வர யோசிக்கும் விருந்தினர். குறை சரியென்றால் சரி என்று சொல்லி, என்ன செய்தோம் என்பதை இரண்டு வரியில் முடியுங்கள்.

தளங்களிடம் நாம் கேட்பது

தளங்களுக்கும் பொறுப்பு உண்டு. நட்சத்திரம் கேட்கும் திரையிலேயே நாலு என்றால் அந்தத் தளத்தில் என்ன பொருள் என்று விருந்தினருக்குப் புரியும் மொழியில், தமிழிலும், சொல்ல வேண்டும். இழப்பீட்டு அவகாசத்தை ரிவ்யூ அவகாசத்துக்கு அப்பால் நீட்ட வேண்டும். அல்லது ரிவ்யூ முடியும்வரை கோரிக்கையை விருந்தினருக்குத் தெரிவிக்காமல் வைத்திருக்க வேண்டும். இரண்டு கெடுவும் ஒரே நாளில் முடிவதுதான் ஹோஸ்ட்களை மௌனத்துக்குத் தள்ளுகிறது.

அவர்கள் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கோரிக்கை வந்ததும் நாம் முதலில் செய்வது, அந்த விருந்தினரைப் பற்றி முன்னொரு ஹோஸ்ட் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது. அவர் உண்மையை எழுதியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை, நாமும் உண்மையை எழுதும்போதுதான் நமக்கு வருகிறது. விருந்தினர் கிளம்பிய இரண்டு நாளுக்குள் ரிவ்யூ எழுதுவதை ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமாக்குவோம். நிலுவையில் இருப்பவற்றை இன்றே எழுதி முடிப்போம்.