வாய் திறக்க வேண்டியவர்கள் திறக்கட்டும்
உடலும் உறவும் குறித்து ஒரு கோரிக்கைச் சாசனம்

மாண்புமிகு முதலமைச்சர், பள்ளிக் கல்வி, மக்கள் நல்வாழ்வு, சமூக நலத் துறை அமைச்சர்கள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோருக்கும், பிள்ளை பெற்று வளர்க்கும் எல்லோருக்கும்:

பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் செவிலியர்கள், வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர், புதிதாக மணமானவர்கள் என்று பலர் கூடி இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கைகளுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒன்றுதான். பாலுறவைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர், கேட்பவருக்குத் தேவைப்படும் வயதில், கூசாமல் முழுதாகச் சொல்ல வேண்டும். பாடம் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. சட்டம் இருக்கிறது. ஊருக்கு ஊர் அரசு மருத்துவமனை இருக்கிறது. இத்தனை இருந்தும் பதினான்கு வயதுப் பையன் கைப்பேசியைத்தான் கேட்கிறான். கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளை பேருந்து நிலையச் சுவரொட்டியில் உள்ள எண்ணுக்குத்தான் அழைக்கிறார். மணமான பெண் யாரையும் கேட்பதில்லை.

பள்ளிக் கல்வித் துறைக்கு

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் ஒரு பாடம். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் வருகிறது. பன்னிரண்டில் உயிரியல் எடுத்தவர்களுக்கு இனப்பெருக்க நலன் என்று தனிப் பாடமே உண்டு. பல வகுப்பறைகளில் இந்தப் பக்கங்கள் வந்ததும், “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். பெண் பிள்ளைகளைத் தனியே அழைத்து நாப்கின் பற்றிப் பேசும் பள்ளிகளிலும், அந்த நேரத்தில் பையன்களை விளையாட அனுப்பிவிடுகிறார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயில்லை என்று அந்தப் பையனுக்கு யார் சொல்வது?

2005இல் மத்திய அரசும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. 2007க்குள் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் எனப் பல மாநிலங்கள் பண்பாடு கெடும் என்று சொல்லி அதை நிறுத்தின. சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சம் எங்களுக்குப் புரியாமல் இல்லை; எங்களில் பலர் அந்த அச்சத்தோடு வளர்ந்தவர்கள்தாம். ஆனால் யுனெஸ்கோ 2009இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இக்கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்கிறது. 2024 செப்டம்பரில், குழந்தைகளின் ஆபாசப் படங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் முழுமையான பாலியல் கல்வி வேண்டும் என்று மத்திய அரசுக்கு எடுத்துச் சொன்னது.

ஆகவே நாங்கள் கேட்பது: இந்தப் பாடங்கள் வகுப்பு நேரத்தில், ஆண் பெண் இரு பாலரும் உட்கார்ந்திருக்க, நடத்தப்பட வேண்டும். ஆண்டுதோறும் பொதுத் தேர்வில் இவற்றிலிருந்து தவறாமல் வினா வரவேண்டும். தேர்வில் வராத பாடத்தை நடத்த நம் பள்ளிகளில் நேரம் கிடைப்பதே இல்லை. பி.எட். படிப்பிலேயே இதற்குப் பயிற்சி தர வேண்டும். வாய் வராமல் தவிக்கும் ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் இதற்கென நேரம் ஒதுக்குங்கள். இருபது ஆண்டுகளுக்கும் முன்பே மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியின் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் இவற்றையெல்லாம் தமிழில் பொறுமையாகப் பேசினார். மக்கள் கேட்டார்கள், தங்கள் சந்தேகங்களையும் கேட்டார்கள். அந்தத் துணிவு அரசுத் தொலைக்காட்சிக்கும் வரட்டும்.

உறுப்புகளின் படத்தோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, வேண்டாம் என்று கேட்டபின் எப்படி விலகிப்போவது என்பதெல்லாம் பாடத்தில் இருக்க வேண்டும். 2012இல் காரைக்காலில் ஒரு மென்பொருள் பொறியாளர்மீது அமிலம் வீசப்பட்டது. 2022இல் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில்முன் தள்ளப்பட்டார். இரண்டு பெண்களும் செய்தது மறுத்தது மட்டும்தான். பின்தொடர்ந்து பின்தொடர்ந்து பெண்ணைச் சம்மதிக்கவைப்பதே காதல் என்று நம் திரைப்படங்கள் ஒரு தலைமுறைக்குக் கற்பித்துவிட்டன. அதை மாற்றிச் சொல்ல வகுப்பறையை விட்டால் வேறு இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு

எங்களுக்குக் கூடுதல் வேதனை தருவது இங்கேதான் நடக்கிறது. ஆண்மைக் குறைவு, கைப்பழக்கம், நரம்புத் தளர்ச்சி என்று மூன்று சொல்லைச் சுவரில் ஒட்டிவிட்டு, மாதம் ஒரு நாள் லாட்ஜ் அறையில் உட்காருகிறவர்களிடம் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பணத்தை இழக்கிறார்கள். விந்து போனால் ரத்தம் வற்றும், முதுகெலும்பு தேயும் என்ற பயத்தால் படிப்பையும் தூக்கத்தையும் தொலைத்தவர்களை எங்கள் செவிலியர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பயத்தை 1960இலேயே ஒரு மனநலக் கோளாறாக அடையாளம் கண்டு பெயர் வைத்தவர் இந்திய மருத்துவர் என்.என்.விக். சுய இன்பத்தால் ஆண்மை குறையாது, உடம்பு தேயாது. இந்த ஒரு வரியை ஒவ்வொரு அரசு மருத்துவமனைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. எழுபது ஆண்டுகள் கடந்த சட்டம். மாவட்டந்தோறும் இச்சட்டத்தின்கீழ் எத்தனை வழக்கு, எத்தனை தண்டனை என்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள். முறையாகப் படித்த அரசு சித்த மருத்துவர்கள்மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுடைய பெயரைக் கெடுப்பதும் இந்த லாட்ஜ் வைத்தியர்கள்தான்.

உண்மையான சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் நிறையப் பேர். சர்க்கரை நோய் ரத்தக் குழாயையும் நரம்பையும் தாக்கும்போது விறைப்புத் தளரும். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் தளரும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த இரு நோய்களுக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. மாத்திரை கொடுக்கிறவர் விறைப்புத் தளர்கிறதா என்பதையும் கேட்கப் பயிற்சி கொடுங்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காததால் மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிட்டு, மனைவியிடமும் பேசாமல், வீட்டுத் திண்ணையில் படுக்கப் போகிற ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பெண்ணின் வலி இதைவிடவும் மறைந்து கிடக்கிறது. உறவின்போது யோனித் தசைகள் தாமாக இறுகிக்கொள்வது சிகிச்சையால் சரியாகக்கூடிய நிலை. அது தெரியாமல் மணமாகி ஐந்தாறு ஆண்டு உறவே நடக்காமல், கடைசியில் குழந்தையில்லை என்று கருத்தரிப்பு மையத்துக்கு அழைத்துவரப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் எளிய மருந்து உண்டு. ஐம்பது வயதில் இதைப்போய்க் கேட்பதா என்று அந்த வயதுப் பெண்கள் கேட்பதில்லை. முதல் இரவில் ரத்தம் வராதது எதற்கும் சான்றில்லை என்பதையும் மருத்துவர்களே ஊரறியச் சொல்ல வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு நாள் தம்பதிகளுக்கான பாலியல் நலப் பிரிவு வேண்டும். அங்கே ஒரு பெண் மருத்துவர் கட்டாயம் இருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், வெளியே பெயரைச் சத்தமாகக் கூப்பிடக் கூடாது.

கருத்தடைச் சுமை பெண்மேல்தான் கிடக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள்; ஆண் கருத்தடை அறுவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆணுக்கான முறையில் வயிற்றைத் திறக்க வேண்டாம், தையல் வேண்டாம், ஆசையோ விறைப்போ குறையாது. மூன்று மாதம் வேறு பாதுகாப்பு தேவை, அவ்வளவே. பிரசவ வார்டில் தாயிடம் மட்டும் பேசி முடிக்காமல் வெளியே நிற்கும் கணவரையும் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்.

உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க நாட்டின் மருந்து விதிகளில் இடம் உண்டு. நம் ஊர்க் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் “இல்லை” என்ற பதிலும் ஒரு பார்வையும்தான். அது எல்லாக் கடையிலும் கிடைக்க வேண்டும். மணமாகாத பெண்ணுக்கும் கருக்கலைப்பு உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்று சொல்லும் மருத்துவமனைகளுக்கு இந்தத் தீர்ப்பைச் சுற்றறிக்கையாக அனுப்புங்கள்.

சட்டம் இயற்றுகிறவர்களுக்கும் காவல் துறைக்கும்

மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால் கணவன் வற்புறுத்திக் கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் பழைய சட்டத்தைப் போலவே விலக்குத் தருகிறது. 2013இல் நீதிபதி வர்மா குழு இதை நீக்கச் சொன்னது. மேற்சொன்ன தேசிய ஆய்வில் நாடு முழுவதும் 82 சதவீதப் பெண்கள்தாம் கணவனிடம் வேண்டாம் என்று சொல்ல முடியும் என்றார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் இந்த விலக்கை நீக்கக் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் படுக்கையறையில் நடக்கும் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது என்பதை அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும். வந்த பெண்ணுக்குப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்புவது அவர்கள் வேலையில்லை.

போக்சோ சட்டம் குழந்தைகளுக்கு அரண். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பிப் பழகியதற்கு, சாதி பார்த்த பெற்றோர் கொடுக்கும் புகாரில் பையன் சிறைக்குப் போகிறான். 2019இல் சபரி வழக்கிலேயே சென்னை உயர் நீதிமன்றம், 16 வயதுக்கு மேற்பட்டோரின் சம்மத உறவைத் தனியாகப் பார்க்கச் சட்டத்தைத் திருத்தலாம் என்றது. நாடாளுமன்றம் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். வயது வந்தவர்கள் சாதி கடந்து மணந்தால் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உடுமலைப்பேட்டையில் சாதி கடந்து மணந்த இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்ததைக் கண்ட மாநிலம் நாம். அந்தப் பிரிவின் தொலைபேசி எண் ஒவ்வொரு பதிவாளர் அலுவலகத்திலும் எழுதியிருக்கட்டும்.

தன்பாலீர்ப்புள்ள பிள்ளையை “சரிசெய்ய” மருத்துவமனைக்கு இழுத்துப்போவது 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடைசெய்த செயல். செய்யும் மருத்துவர்களின் பதிவைப் பறியுங்கள்.

பெற்றோருக்கும், எங்களுக்கும்

மகள் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வைத்து, ஊரைக் கூட்டுகிறோம். அந்தப் பெண்ணிடம் அவள் உடம்பில் நடப்பது என்ன என்று பத்து நிமிடம் பேசுவதில்லை. பொள்ளாச்சியில் ஒரு கும்பல் படம் பிடித்து வைத்துக்கொண்டு பெண்களை மிரட்ட முடிந்தது எதனால்? வீட்டுக்குத் தெரிந்தால் வீடே தன்னைத் தூற்றும் என்று ஒவ்வொரு பெண்ணும் நம்பினாள். அந்தக் கும்பலைச் சேர்ந்த ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. “எது நடந்தாலும் எங்களிடம் சொல், உன்னைத் திட்ட மாட்டோம்” என்று மகளிடமும் மகனிடமும் இன்றே சொல்லுங்கள். மகனிடம் கூடவே, கைப்பேசியில் பார்ப்பது காசுக்கு நடிப்பது, அங்கே வலியும் வெறுப்பும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும் என்றும் சொல்லுங்கள்.

திருமணத்துக்கு முன் பையனும் பெண்ணும் தனியாகப் பேச நேரம் கொடுங்கள். குழந்தை எப்போது, கருத்தடை யார் பொறுப்பு, எது பிடிக்கும், எது பயம் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரட்டும். கத்தோலிக்க மறைமாவட்டங்கள் மணமக்களுக்கு முன்தயாரிப்பு வகுப்பு நடத்துகின்றன. எல்லா மதத்தாருக்கும் அரசே அதை நடத்தலாம். திருமணப் பதிவின்போது ஒரு தமிழ்க் கையேடு தரலாம். அறநிலையத் துறை நடத்திவைக்கும் திருமணங்களில் சீர்வரிசையோடு அதையும் வைக்கலாம். உடம்பு மெதுவாகத்தான் பழகும், முதல் நாளே எதுவும் நடந்தாக வேண்டியதில்லை, பெண்ணுக்கும் இன்பம் உண்டு, வலித்தால் நிறுத்த வேண்டும், நேற்றுச் சரி என்றவர் இன்று வேண்டாம் எனலாம் என்று அதில் எளிய தமிழில் இருக்க வேண்டும். எழுதித்தர எங்கள் செவிலியர்களும் ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறார்கள். அச்சிட்டுக் கொடுக்கும் செலவை வரும் நிதிநிலை அறிக்கையில் ஒதுக்குங்கள்.