எந்த எடிட்டர் என்று கேட்கும் முன் எந்தக் கோப்பு என்று பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

லினக்ஸுக்கு மாறிய நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், எந்த எடிட்டர் நல்லது? வி.ஐ.யா, ஈமேக்ஸா, நானோவா?" வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு சீனியர், "வி.ஐ. தெரியாதவன் புரோகிராமரே இல்லை" என்று மிரட்டியிருப்பார். இன்னொருவர், "விஎஸ் கோட் இருக்கும்போது அந்தக் கருப்புத் திரை எதற்கு?" என்று சிரித்திருப்பார். இரண்டு பேருமே கோப்பைப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பது என் கருத்து. கோப்பு எப்படிப்பட்டது, அது எந்த மெஷினில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால் எடிட்டர் தானாக முடிவாகிவிடும்.

முதலில் இடம். கோப்பு உங்கள் சொந்தக் கணினியில் இருந்தால் பிடித்த எடிட்டரில் எழுதுங்கள். கேட், ஜிஎடிட், விஎஸ் கோட், எதுவாக இருந்தாலும் குறை இல்லை. தமிழில் எழுதுவதற்கு இந்த ஜன்னல் வகை எடிட்டர்கள்தான் வசதி. கருப்புத் திரையில் பல நேரம் கொம்பும் காலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது திரையின் குறை.

ஆனால் கோப்பு எங்கோ ஒரு சர்வரில் இருந்தால் கதை வேறு. அங்கே ஜன்னல் இருக்காது, நினைத்ததை நிறுவ அனுமதியும் இருக்காது. அங்கே பெரும்பாலும் கிடைப்பது வி.ஐ. பில் ஜாய் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது 1976-இல் எழுதத் தொடங்கியது அது. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்திலேயே அதற்கு இடம் உண்டு. சின்ன ரவுட்டர் பெட்டிக்குள் ஓடும் லினக்ஸில்கூட அதன் சிறு வடிவம் இருக்கும். நம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டியில் ஜாக்கி இருக்க வேண்டும் அல்லவா? தினமும் எடுக்க மாட்டோம். ஆனால் முப்பதாவது வளைவில் டயர் பஞ்சரானால், ஜாக்கி போடத் தெரிந்தவன்தான் வீடு வந்து சேர்வான். வி.ஐ. அந்த ஜாக்கி.

அதற்காக ஆறு மாதம் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. ஐ அழுத்தினால் எழுதலாம். எஸ்கேப் அழுத்தினால் எழுதுவது நிற்கும். அதன்பின் முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ போட்டு என்டர் தட்டினால் சேமித்து வெளியே வரும். சேமிக்காமல் வர முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி. இந்த நான்கு போதும். மேலே ஆசை இருந்தால் விம் கற்றுக்கொள்ளுங்கள். பிராம் மூலினார் 1991-இல் வெளியிட்டது. காசு கேட்கவில்லை, விருப்பம் இருந்தால் உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் அதில் எழுதி வைத்தார். 2023 ஆகஸ்டில் காலமானார். நல்ல மனிதர்.

விம் பயமாக இருந்தால் நானோ. என்ன கட்டளை என்பது திரையின் அடியிலேயே எழுதியிருக்கும். நானோவில் வேலை செய்கிறவனை மட்டமாகப் பேசுகிறவர் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

இப்போது கோப்பின் குணம். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். எழுத்துக் கோப்பு, பைனரி கோப்பு என்று இரண்டு வகை உண்டு. போட்டோ, பாட்டு, பழைய வேர்டு கோப்பு எல்லாம் பைனரி. பைனரி கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து தெரியாமல் சேமித்தால் கெட்டுப்போகலாம். விம் கூட வழக்கமான நிலையில், கோப்பின் கடைசியில் வரி முடிவுக் குறி இல்லாவிட்டால் தானே ஒன்றைச் சேர்த்துவிடும். எழுத்துக் கோப்புக்கு அது நல்லது. பைனரியில் ஒரு பைட் கூடினாலும் தொல்லைதான். அதற்கென்றே உள்ளவை ஹெக்ஸ் எடிட்டர்கள்: ஜன்னலில் ஜிஹெக்ஸ், ஆக்டெட்டா, கருப்புத் திரையில் ஹெக்ஸ்எடிட். பார்க்க மட்டும் போதும் என்றால் யூனிக்ஸின் ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கும் ஓடி கட்டளை, அல்லது விம்முடன் வரும் எக்ஸ்எக்ஸ்டி.

"எனக்கு எதற்கு சார் பைட் கணக்கு?" என்பீர்கள். தமிழர்களாகிய நமக்குத்தான் அதிகம் வேண்டும். நம் உறவுக்காரப் பையன் ஒருவன் போன மாதம் ஒரு கோப்பு அனுப்பினான். அவன் தாத்தா 1990-களின் கடைசியில் டைப் செய்து வைத்த குலதெய்வக் கோயில் வரிப் பட்டியலும் பங்காளிகள் வம்சாவளியும். திறந்தால் ஒரே ஆங்கிலக் கிறுக்கல். நான்கு எடிட்டரில் திறந்து பார்த்துவிட்டு, "கோப்பு போச்சு, அழித்துவிடலாமா?" என்று கேட்டான். எடிட்டரை மாற்றிப் பயன் இல்லை. உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாமினி எழுத்துருவில் டைப் செய்திருந்தால் கோப்பில் இருப்பது ஐந்தே பைட்: 106, 107, 112, 111, 59. அதாவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். யூனிகோடில், யூடிஎஃப் 8 முறையில் எழுதியிருந்தால் அதே சொல் 15 பைட். த என்பது 224, 174, 164. அடுத்து ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

ஆகவே ஓடி கட்டளையில் எண்களைத் தசம முறையில் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். 224, 174 என்றும் 224, 175 என்றும் திரும்பத் திரும்ப வந்தால் யூனிகோடு. 128-க்கு மேலே நிறைய எண்கள் இருந்தும் இந்த ஜோடி இல்லை என்றால் டிஸ்கி, டாம், டாப் போன்ற பழைய குறியீடாக இருக்கலாம். எல்லாமே 128-க்குக் கீழே என்றால் பாமினி வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கோப்பின் தொடக்கமே 208, 207, 17, 224 என்றால் அது பழைய வேர்டு வகைக் கோப்பு. லிப்ரே ஆபீஸில் திறக்க வேண்டும்.

பையனின் கோப்பு பாமினி. மாற்றி கொண்டு யூனிகோடாக்கியதும் ஐந்து தலைமுறைப் பெயரும் வரிசையாக வந்து நின்றன. அவன் அழிக்க நினைத்த கோப்பு அது.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடாதீர்கள். தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது 1999-இல். யூனிகோடை ஏற்றது 2010-இல். இடையில் டைப் செய்தவை எத்தனை வீட்டில் சிடியிலும் பென் டிரைவிலும் கிடக்கின்றனவோ! 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் டிஸ்கியில் ஏற்றிய இலக்கியங்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதனால்தான் இன்று அவற்றை நம் கைப்பேசியில் படிக்க முடிகிறது. நம் வீட்டுக் கோப்புகளை நாம்தான் மாற்ற வேண்டும்.

மாணவர்களுக்குச் சொல்வது: தினசரி வேலைக்குப் பிடித்த எடிட்டர் ஒன்று, ஆபத்துக்கு வி.ஐ., சந்தேகத்துக்கு ஒரு ஹெக்ஸ் எடிட்டர். மூன்றும் இலவசம். எதில் எழுதினாலும் யூடிஎஃப் 8 முறையில் சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு பிரதி வையுங்கள். எடிட்டர் வரும், போகும். கோப்பு நிற்க வேண்டும்.

உறவினர்களுக்குச் சொல்வது: பழைய கோப்பு கிறுக்கலாகத் தெரிந்தால் அழிக்காதீர்கள், திறந்து சேமிக்கவும் செய்யாதீர்கள். முதலில் ஒரு நகல் எடுங்கள். பிறகு அந்த நகலைப் பென் டிரைவில் போட்டு, கம்ப்யூட்டர் படித்த நம் பிள்ளைகள் யாரிடமாவது கொடுங்கள். யாரும் இல்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். ரிட்டயர்டு வாத்தியாருக்கு நேரத்துக்கா பஞ்சம்?

உங்கள் எடிட்டர் எது, ஏன் என்று கமெண்டில் எழுதுங்கள். சண்டை வேண்டாம். காரணம் எழுதினால் மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்
சேந்தமங்கலம்