மாற்றிய பாகமும் மாறாத சூடும்



மே மாத விடுமுறையில் மும்பையிலும் பூனாவிலும் வாழும் நம்முடைய குடும்பங்களில் பல, ரயிலில் இடம் கிடையாமல், சொந்தக் காரிலேயே திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் புறப்படுகின்றன. கண்டாலா மலையேற்றத்திலும், பூனாவுக்கும் சாத்தாராவுக்கும் இடையிலுள்ள கம்பாட்கி மலைப்பாதையிலும், முன்மூடியைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்கும் வாகனங்களை நாம் கண்டிருக்கிறோம். அவற்றுள் சில, பயணத்திற்கென்றே பட்டறையில் பணம் செலவிட்டுச் சீர்செய்யப்பட்டவை. "ரேடியேட்டர் புதிது, தெர்மோஸ்டாட் புதிது, கூலன்டும் புதிது; ஆயினும் சூடேறுகிறதே, ஏன்?" என்று உரிமையாளர் கலங்குகிறார். இம்மாதம் அக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் குளிர்விக்கும் நீரில் சேருகிறது. வாட்டர் பம்ப் அந்நீரைச் சுற்றிவரச் செய்கிறது. நீர் போதிய சூட்டை அடைந்ததும், பெரும்பாலும் 82 முதல் 88 செல்சியஸ் அளவில், தெர்மோஸ்டாட் திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லுகிறது. ரேடியேட்டர் மூடிக்கும் ஒரு பணி உண்டு. சாதாரணமாக நீர் 100 செல்சியஸில் கொதிக்கும், 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் ஏறக்குறைய 118 வரை கொதியாது. மூடியின் ரப்பர் தளர்ந்தால், மற்றவை யாவும் நன்றாயிருந்தும் நீர் பொங்கி வெளியேறும்.

எப்பொழுது சூடேறுகிறது?

மருத்துவர் காய்ச்சல்காரரிடம், "எந்த நேரத்தில் காய்ச்சல் வருகிறது?" என்று முதலில் கேட்பார். காருக்கும் அதுவே முதற்கேள்வி.

நெரிசலில் நிற்கையில் சூடேறி, நெடுஞ்சாலையில் ஓடுகையில் தணிந்தால், ஃபேனைச் சந்தேகியுங்கள். ஓடும் காருக்கு எதிர்க்காற்று உதவுகிறது. நிற்கும் காருக்கு ஃபேன் ஒன்றே துணை. அதன் ஃபியூஸ், ரிலே, வெப்ப சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

நிற்கையில் நன்றாயிருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் சூடேறினால், நீரோட்டம் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, பம்பின் தேய்ந்த இறக்கை, அல்லது உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும் கீழ்க்குழாய் காரணமாயிருக்கலாம்.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடேறினால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, நீர் குறைந்துள்ளது, அல்லது உள்ளே காற்று அடைபட்டுள்ளது எனக் கருதலாம். நீர் நிரப்பியபின் காற்றை முழுவதும் வெளியேற்றாதது பலமுறை காணும் குறை.

புதிய பாகத்தையும் சோதியுங்கள்

குர்லாவிலும், டில்லி காஷ்மீரி கேட்டிலும், பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் உதிரிபாகங்கள் பலவித விலையில் கிடைக்கின்றன. கார் நிறுவனத்தின் முத்திரையில்லாத பாகம் யாவும் கெட்டதென்று சொல்லலாகாது. நல்ல உற்பத்தியாளர் பலர் உண்டு. ஆனால் புதியது என்ற ஒரே காரணத்தினால் ஒரு பாகத்தைச் சந்தேகத்திற்கு அப்பாற்பட்டதாக்குவது சரியன்று.

ஒரு சகோதரர் நெரிசலில் சூடேறும் காருக்கு முதலில் ஃபேன் மோட்டாரை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சூடு தணியவில்லை. ரேடியேட்டரை மாற்றுகிறார், பின்பு பம்பையும் மாற்றுகிறார். உண்மையில் புதிய மோட்டாரின் இரு கம்பிகளும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. ஃபேன் சுழன்றது, ஆனால் எதிர்த்திசையில். இதை அறிய ஒரு தாள் போதும். ரேடியேட்டருக்குப் பின்புறம் ஃபேன் அமைந்த காரில், ஃபேன் ஓடும்போது முன்புறச் சட்டத்தருகே தாளைப் பிடித்தால், அது உட்புறமாக இழுக்கப்பட வேண்டும். (எஞ்சினை அணைத்த பின்பும் ஃபேன் தானாகச் சுழலக்கூடும், விரல்கள் ஜாக்கிரதை.)

வாங்கும்போது பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் அருகருகே வைத்துப் பாருங்கள். ரேடியேட்டரின் தடிமனும் குழாய் வரிசைகளும் ஒத்திருக்கின்றனவா? மூடியில் பொறித்த அழுத்த எண் ஒன்றேதானா? பம்பின் இறக்கை அச்சில் உறுதியாக நிற்கிறதா? தெர்மோஸ்டாட்டைச் சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்துள்ள சூட்டளவை ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். காரணம் தெளிவாகுமட்டும் பழைய பாகத்தை எறியாதிருங்கள்.

"நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். அதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எரிபொருளை வீணாக்கும். சிலவகை எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்குவழியே திரும்பி, சூடு அதிகரிக்கவும் கூடும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீரும் ஆகாது. அது உள்ளே படிவத்தை உண்டாக்கும். கூலன்டையும் கனிமம் நீக்கிய நீரையும் உற்பத்தியாளர் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். நிறத்தை நம்பி வகையைத் தீர்மானியாதிருங்கள். நிறத்திற்குப் பொதுவான விதி கிடையாது. கூலன்ட் இனிப்பான விஷம். பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

நிறுத்தவேண்டிய வேளை

வெளியே கசிவின்றி நீர் குறைதல், புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படிவு, ஓடும் எஞ்சினின் நீரில் இடைவிடாத குமிழிகள் — இவை ஹெட் கேஸ்கெட் பழுதுக்கு அடையாளங்கள். இவற்றைக் கண்டபின் ரேடியேட்டரை மாற்றிக்கொண்டிருப்பது வீண். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவடையும். ஆதலால் இரும்புப் பிளாக்கின்மேல் அமர்ந்த அலுமினிய ஹெட் மிகுந்த சூட்டில் வளைந்துபோகிறது. ஒரு மூடியின் விலையில் முடிந்திருக்கவேண்டியது எஞ்சின் வேலையாகப் பெருகுகிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு அது பல நாள் வருமானம்.

வழியில் முள் மேலேறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுவதும் திறந்து, பத்திரமான ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள். முள் திடீரென இறங்கினால் மகிழாதிருங்கள். நீர் வற்றி, அளவி வெறுமையில் நிற்கக்கூடும். எஞ்சின் நன்றாய்க் குளிருமட்டும் மூடியைத் தொடவே வேண்டாம். அழுத்தம் நீங்கிய கணமே கொதிநீர் முகத்தில் பீறிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரையும் ஊற்றலாகாது.

ஆகவே, அடுத்தமுறை பட்டறைக்குச் செல்லும்போது, "ரேடியேட்டரை மாற்றுங்கள்" என்று தொடங்காதீர்கள். எப்பொழுது, எவ்வேகத்தில், புறப்பட்டு எத்தனை நிமிடங்களில் சூடேறியது, எந்தப் பாகத்தை எந்த நாளில் மாற்றினோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நல்ல மெக்கானிக் அத்தாளை முதலில் வாசிப்பார். நீர்மட்டம், மூடி, ஃபேன், பெல்ட், குழாய், தெர்மோஸ்டாட் என்று செலவு குறைந்தவற்றிலிருந்து சோதித்து, பின்னரே ரேடியேட்டருக்கும் பம்புக்கும் வருவார். பயணத்திற்கு இரண்டு வாரம் முன்னரே இதைச் செய்துவிடுங்கள். பிள்ளைகளோடு இரவில் மலைப்பாதையோரம் நிற்கும் நிலை நம் வீட்டாருக்கு நேராதிருப்பதாக.