கண்ணை மூடிக்கொள்வதா விசுவாசம்?

திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊரில் போன வைகாசியில் மூன்று நாள் உஜ்ஜீவனக் கூட்டம் நடந்தது. பந்தல், ஒலிபெருக்கி, வெளியூர்ப் பிரசங்கியார். மூன்றாம் நாள் ராத்திரி அவர் எடுத்துக்கொண்டது ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரம். மரம் காய்க்காவிட்டாலும், காடு விளையாவிட்டாலும், தொழுவில் மாடே இல்லாமல் போனாலும் கடவுளுக்குள் மகிழ்வேன் என்று அந்தத் தீர்க்கதரிசி சொல்கிற இடம். "சூழ்நிலையைப் பார்க்காதே, கர்த்தரைப் பார்" என்று பிரசங்கியார் திரும்பத் திரும்ப முழங்கினார். சனம் அழுதது. நானும் கலங்கித்தான் போனேன். விளையாத வருசம் என்றால் என்னவென்று கரிசக்காட்டுக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கண்மாய் வறண்டால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற சனம் நாங்கள்.

கூட்டம் முடிந்ததும் என் தங்கச்சி அவரிடம் போனாள். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். சாதிச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்க வேண்டும். "ஐயா, மதம்னு இருக்கிற எடத்துல இந்துன்னு போட்டா எஸ்.சி. சர்ட்டிபிகேட்டு. உள்ளதப் போட்டா பி.சி. எஸ்.சி. கோட்டாவுல சீட்டு கெடைக்காது. நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. "சூழ்நிலையைப் பார்க்காதேம்மா. கர்த்தரை மறுதலிக்காதே." தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

அவருடைய சாதி இந்துவாக இருந்தாலும் பி.சி.தான், கிறித்தவமாக இருந்தாலும் பி.சி.தான். விசுவாசத்துக்காக அவர் பிள்ளை ஒரு சீட்டைக்கூட இழக்கப் போவதில்லை. இழப்பு எங்களுக்கு, உபதேசம் அவருக்கு!

எங்கள் சூழ்நிலை வானம் பொய்த்து வந்ததில்லை. மனுசன் எழுதி வைத்தது. அதற்குத் தேதி உண்டு. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறது. ஊரான் சாதி சொல்லி அடித்தாலும் அந்தச் சட்டம் எங்களுக்குத் துணை வராது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுவிட்டா அடிக்கிறான்?

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை, பட்டியலிலிருந்து மதத்தைப் பிரித்துவிடச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் எங்களுக்காகத் தீர்மானம் போட்டது. அந்த ஆணை வந்த வருசம் பிறந்த பிள்ளை பேரன் பேத்தியே எடுத்தாயிற்று.

கிறித்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லித்தானே எங்களை வெளியே வைத்தார்கள்? எறையூருக்குப் போய்க் கேட்டுப் பார்க்கட்டும். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரின் வீடுகள் தாக்கப்பட்டன. கலவரத்தில் போலீஸ் சுட்டு எதிர்த்தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். அடித்தவன் கழுத்திலும் ஜெபமாலை, அடிபட்டவன் கழுத்திலும் ஜெபமாலை.

இதையெல்லாம் பார்க்காதே என்றால் எப்படி? ஆபகூக் பார்த்தானே! பிரசங்கியார் மூன்றாம் அதிகாரத்தை மட்டும் வாசித்தார். நான் வீட்டுக்கு வந்து முதலிலிருந்து வாசித்தேன். முதல் அதிகாரம் முழுக்க வழக்கு. கொடுமை என்று அலறியும் ஏன் காப்பாற்றவில்லை, சட்டம் செத்துக் கிடக்கிறதே, நியாயம் கோணிப் போகிறதே என்று கடவுளையே நிறுத்திக் கேட்கிறான். கடவுள் அவனை அவிசுவாசி என்று விரட்டவில்லை. இரண்டாம் அதிகாரத்தில் அவன் காவல் மேட்டில் ஏறி நின்று பதிலுக்குக் காத்திருக்கிறான். வந்த பதிலைப் பலகையில் தெளிவாக எழுதி வைக்கச் சொல்கிறார் கடவுள். மூன்றாவதில்தான் அந்தப் பாட்டு வருகிறது. வழக்குப் போட்டவன் பாடிய பாட்டு அது. வழக்கை வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இவர்கள் யார்?

கண்ணுக்குத் தெரியாததை நம்புவது எப்படி என்று நான் கற்றது என் அப்பத்தாவிடம். எழுத்துத் தெரியாதவள். வாரத்துக்குப் பிடித்த காட்டில் மழைக்கு முந்தியே புழுதி விதைப்பு விதைப்பாள். மேகம் ஒரு துணுக்குக்கூட இருக்காது. மண் சுடும். வீட்டில் இருக்கிற விதைச்சோளம் அவ்வளவுதான், அதையும் கொண்டுபோய்ப் புழுதியில் போடுவாள். சின்னப் பையனாக நான் கேட்டேன், "மழை வராட்டி என்ன அப்பத்தா செய்வ?"

"வராட்டி அவருகிட்டச் சண்டை போடுவேன்டா அய்யா. வெதைக்காம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?"

எனக்கு இதுதான் விசுவாசம். வானத்தைப் பார்த்துப் பயந்து அவள் உட்காரவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விதையைக் குலுக்கையில் வைத்துக்கொண்டும் உட்காரவில்லை. உழுதாள், விதைத்தாள், உரிமையோடு கேட்டாள். மழை பொய்த்த வருசங்களும் உண்டு. அந்த வருசமும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள்.

தங்கச்சி கடைசியில் கிறித்தவர் என்றே எழுதினாள். பிரசங்கியாருக்குப் பயந்து இல்லை. "பொய் சொல்லி வாங்கினா எங்க அப்பத்தா ஒத்துக்கிறாது" என்றாள். பையன் நினைத்த படிப்பு கிடைக்கவில்லை. வட்டிக்கு வாங்கி வேறொன்று படிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி இந்து என்று எழுதினாள். அவள் மகளுக்கு இடம் கிடைத்தது. இரண்டு பேரும் கோயிலில் ஒரே பாயில்தான் உட்காருகிறார்கள். அந்த இரண்டாமவளை யூதாஸ் என்று எவனாவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். தாயைப் பொய் சொல்ல வைத்தது 1950இன் ஆணை. அதைக் கேள்வி கேட்காமல் தாயை மட்டும் கேள்வி கேட்கிறவன் கோழை.

சபைத் தலைவர்களே, எங்களை விசுவாசத்தில் நிற்கச் சொல்லுங்கள், நிற்கிறோம். நிற்கிறவனுக்குப் போகிற சீட்டை உங்கள் கல்லூரிகளில் கொடுங்கள். உங்கள் பள்ளிகளில் வேலை கொடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை வைக்காதீர்கள். தில்லிக்கு மனுப் போகும்போது கடைசிக் கையெழுத்தாக இல்லாமல் முதல் கையெழுத்தாகப் போடுங்கள். அதற்குப் பிறகு மூன்றாம் அதிகாரத்தை வாசியுங்கள். நாங்களும் சேர்ந்து வாசிக்கிறோம்.

அதுவரைக்கும் எங்கள் சேரியில் முதல் அதிகாரம்தான் நடக்கும்.