மாயூரத்து முன்சீப்பின் பக்தி

மாதத்தின் முதல் வெள்ளியன்று திருப்பலி கண்டு, நற்கருணை உண்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீடு திரும்புவதோடு இயேசுவின் திரு இருதய பக்தி நிறைவடைந்துவிடுகிறதா? 2024 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் இப்பக்தியைக் குறித்தே ஒரு சுற்றுமடல் வரைந்தார். இறையன்பைப் பெற்றவர் அதனை அயலாரிடம் செலுத்தாவிடில் பக்தி குறைபட்டது என்பது அதன் சாரங்களுள் ஒன்று. காவிரிக்கரையில் வாழும் நாம் இதனை அறிய உரோமைவரை செல்ல வேண்டுவதில்லை. மாயூரம் வரை சென்றால் போதும்.

வேதநாயகம் பிள்ளையை (1826-1889) நம் பாடத்திட்டங்கள் 'தமிழின் முதல் நாவலாசிரியர்' என்ற ஒற்றைத் தொடரில் அடக்கிவிட்டன. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது என்று மாணவர் எழுதினால் மதிப்பெண் இடுகிறோம், அத்துடன் சரி. அவர் கத்தோலிக்கர் என்பதும், தேவமாதா அந்தாதி முதலிய பக்தி நூல்களை இயற்றியவர் என்பதும் தேர்வுக்கு வேண்டாத செய்திகள்.

முன்சீப்பாக அவர் ஆற்றிய பணியை அந்தாதிக்கு அருகில் வைத்துப் படிக்கவேண்டும் என்பது நம் கருத்து. நீதிமன்றத்தின் மொழி குடியானவனுக்கு விளங்காத காலம் அது. வழக்கில் தோற்றவனுக்குத் தான் ஏன் தோற்றோம் என்பதே தெரியாது. வேதநாயகரோ உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். 'நீதி நூலில்' (1859) கைக்கூலி வாங்குவோரைச் சாடினார். தம் புதினத்தில் ஞானாம்பாளின் வாயிலாக, தமிழ் மக்களின் வழக்குகள் தமிழிலேயே நடத்தப்பெற வேண்டும் என்று வாதாடவும் செய்தார். எளியவன் தன் வழக்கைத் தானே விளங்கிக்கொள்ளச் செய்வதும் ஓர் அன்புச் செயலே. செபமாலை உருட்டுவதினும் கடினமான செயல் என்றும் சொல்லத் தோன்றுகிறது.

பின்னர் வந்தது 1876-78 ஆண்டுகளின் பெரும்பஞ்சம். சென்னை மாகாணமே உலர்ந்துபோயிற்று. மழை பொய்த்ததோடு, தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற ஆங்கில ஆட்சியின் பிடிவாதமும் சேர்ந்துகொண்டது. நெல் விளையும் நாட்டிலும் விலையேற்றத்தால் ஏழைக்கு அரிசி எட்டாக்கனியாயிற்று. அப்போது வேதநாயகர் அரசுப் பணியில் இல்லை. 1872இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆணையிட மேலிடம் ஏதுமில்லாத அந்நிலையில் தம் பொருளை வழங்கிப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அதே ஊரில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கொடையைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். நந்தன் சரித்திரம் பாடிய சைவர் ஒருவர் கத்தோலிக்கரின் அறத்தைப் பாடிய செய்தியை, சமய நல்லிணக்க மேடைகள் ஏனோ மறந்துவிடுகின்றன.

1878இல் வந்த 'சர்வசமய சமரசக் கீர்த்தனை' பஞ்சத்தின் நடுவே பிறந்த நூல். எச்சமயத்தாரும் பாடத்தக்க வகையில் அவர் இறைவனை அழைக்கிறார். பஞ்சத்தைத் தீர்க்கும்படி அவனிடமே முறையிடுகிறார். முறையிட்டுவிட்டுக் கைகட்டி இருந்திருந்தால் அப்பாடல்களுக்கு இத்துணை வலிமை வந்திருக்காது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின் வினா, பசித்தவனுக்கு உணவளித்தாயா என்பதுதான். நீதிபதியாக இருந்த ஒருவர் அப்பகுதியை எவ்வாறு படித்திருப்பார் என எண்ணிப் பார்க்கிறோம்.

ஒரு மறுப்பு எழக்கூடும். கொடை வேறு, நீதி வேறு. அவருடைய புதினம் பெரிதும் செல்வர் இல்லங்களையே சுற்றிவருகிறது; நாற்று நடுகிறவளின் குரலை அதில் தேடவேண்டியிருக்கிறது. இம்மறுப்பை நாம் தள்ளவில்லை. ஆயினும் அதனை எழுப்பும் தகுதி நமக்கு எவ்வளவு உண்டு? திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைச் சாதிச் சுவர் பிரித்த கதையை நாடறியும். ஒரே நற்கருணையை உண்டவர்கள் ஒரே மண்ணில் புதைய ஒப்பவில்லை. திரு இருதயத்தின் படம் நம் வரவேற்பறையில் தொங்க, வேலைக்கு வருகிறவர் கொல்லைப்புறமாக வரவேண்டியிருக்கிறது. பஞ்சக் காலத்துக் கஞ்சிக் கலயத்தைவிட இது எளிதில் செய்யக்கூடிய மாற்றம், செலவும் இல்லை.

வேதநாயகரின் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன, பெரும்பாலும் இறுதியில், துக்கடாவாக. பஞ்சத்தைப் பற்றிய கீர்த்தனைகளை நாம் எந்த மேடையிலும் கேட்டதில்லை. எந்தக் கோவிலின் முதல் வெள்ளி வழிபாட்டிலும் கேட்டதில்லை.