கேலி செய்கிற ஊர்தான் வேட்டைக்காரனுக்குக் கதவைத் திறக்கிறது

ஒரு பையன் நடக்கிற நடையில் நளினம் இருக்கிறது. பேச்சில் குழைவு இருக்கிறது. அக்காவின் தாவணியை எடுத்துக் கட்டிப் பார்க்கிறான். பம்பரத்தை விட்டுவிட்டுப் பெண் பிள்ளைகளோடு பாண்டி ஆடப் போகிறான். இன்னொரு வீட்டில் ஒரு பெண் பிள்ளை, பாவாடை கட்ட மாட்டேன் என்கிறாள். முடியைக் கத்தரித்துக்கொள்கிறாள். மரம் ஏறுகிறாள், பையன்களோடு கபடி ஆடுகிறாள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? யார் குடி கெட்டுப் போயிற்று? ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் சும்மா இருக்கிறதா? "பொட்டை", "ஒம்போது", "அலி" என்று டீக்கடை பெஞ்சிலிருந்து குரல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே பட்டப்பெயர் வைக்கிறார். வீட்டுக்கு வந்தால் அப்பன் கையில் பெல்ட்டு. "ஆம்பிளையா நடடா!" என்று அடி.

இது வேடிக்கை அல்ல, தோழர்களே! இந்தக் கேலியின் மறைவில் ஒரு பெருங்கொடுமை நடக்கிறது. அதைப் பற்றிப் பேச ஊர் வெட்கப்படுகிறது. வெட்கப்பட்டது போதும், பேசுவோம்.

அவன் எந்தக் குழந்தையைத் தேடுகிறான்?

குழந்தைகளைப் பாலியல் ரீதியில் சீரழிக்கிறவன் இருட்டில் முகமூடி போட்டு வருகிறவன் அல்ல. மத்திய சர்க்காரின் பெண்கள், குழந்தைகள் அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து எழுதியது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 100க்கு 53 குழந்தைகள் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்! தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"ஆம்பிளைப் பிள்ளைதானே, அவனுக்கு என்ன ஆகும்?" என்று நிம்மதியாக இருக்கிற பெற்றோர் இந்தக் கணக்கை இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

இந்தக் கயவனும் ஒரு கணக்குப் போடுகிறான். எந்தக் குழந்தையைத் தொட்டால் கேட்க ஆள் வராது? எந்தக் குழந்தை வீட்டில் போய்ச் சொல்லப் பயப்படும்? சொன்னாலும் எந்தக் குழந்தையை ஊர் நம்பாது? ஊரே கேலி செய்து ஒதுக்கி வைத்த குழந்தையைத்தான்! அந்தக் குழந்தை அப்பனுக்குப் பயந்து, வாத்தியாருக்குப் பயந்து, ஒண்டியாக நிற்கிறது. அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுகிறான். பன்னும் டீயும் வாங்கிக் கொடுக்கிறான். அது தூண்டிலில் மாட்டிய புழு என்று தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. "வெளியே சொன்னால் எவன் நம்புவான்? நீதான் அப்படிப்பட்டவன் ஆச்சே!" என்று மிரட்டுகிறான்.

அந்த மிரட்டல் ஏன் பலிக்கிறது? ஊர் அப்படித்தான் சொல்லும் என்பது அவனுக்கும் தெரியும், குழந்தைக்கும் தெரியும். மந்தையை விட்டுத் தனியே நிற்கிற ஆட்டைத்தான் ஓநாய் பிடிக்கும். அந்த ஆட்டை மந்தையிலிருந்து விரட்டியது ஓநாய் அல்ல, ஊர்தான்.

பள்ளியிலிருந்து தெருவுக்கு

யுனெஸ்கோ ஸ்தாபனம் தமிழ்நாட்டில் நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. திருநங்கைகள் உள்ளிட்ட, பால் அடையாளத்தாலோ நாட்டத்தாலோ மாறுபட்ட 371 பேரிடம் அவர்களுடைய பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை பட்டதாக 100க்கு 60 பேர் சொன்னார்கள். பள்ளி நிர்வாகத்திடம் புகார் செய்தவர்கள் 100க்கு 18 பேர்தான். 3 பேரில் ஒருவர் படிப்பை விட்டதற்கு இந்தத் தொல்லை முக்கியக் காரணம்.

படிப்பை விட்ட பிள்ளை எங்கே போகும்? பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு ஊரில் வேறு பள்ளிக்கூடம் உண்டு, டாக்டர் உண்டு, தனி அறை உண்டு. மில் தொழிலாளியின் பிள்ளைக்கும் கூலிக்காரன் பிள்ளைக்கும் என்ன உண்டு? பரோட்டாக் கடை உண்டு, செங்கல் சூளை உண்டு, கிளீனர் வேலைக்கு லாரி உண்டு. அங்கேயும் அடி தாங்காவிட்டால் பஸ் நிலையம் உண்டு. ஒவ்வொரு படியிலும் வேட்டைக்காரன் காத்திருக்கிறான்.

பெண் பிள்ளைக்கு வேறு வழியில் வருகிறது கொடுமை. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் அடங்கிவிடுவாள்" என்று 15, 16 வயதிலேயே ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கிறார்கள். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அவள் மனசுக்குச் செய்கிற அநியாயத்துக்கோ கணக்கே இல்லை.

மூன்று பொய்கள்

"அடித்தால் திருந்துவான்" என்பது முதல் பொய். திருந்துவதற்கு இதில் என்ன தப்பு இருக்கிறது? இது நோயும் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், பாலின மாறுபாடு மனநோய்ப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இதை மருந்தால் மாற்றுகிறோம் என்று கிளம்புகிற முயற்சிகளைத் தடை செய்யும்படி சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவிட்டார். இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலர் வளர்ந்து திருநங்கையாகவோ திருநம்பியாகவோ வாழ்கிறார்கள். சிலர் அப்படி ஆவதில்லை. எப்படி வளர்ந்தாலும் அடி அதை மாற்றாது. அடிபட்ட பிள்ளை ஒன்றை மட்டும் கற்றுக்கொள்கிறது: இந்த வீட்டில் எதையும் சொல்லக் கூடாது என்பதை.

"எவனோ கெடுத்ததால்தான் இவன் இப்படி ஆனான்" என்பது இரண்டாவது பொய். வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுகிற பேச்சு இது. பிள்ளை மாறுபட்டு நிற்கிறது, ஊர் ஒதுக்குகிறது, அதைப் பார்த்துக் கயவன் குறி வைக்கிறான். இதுதான் வரிசை.

"இவனே இஷ்டப்பட்டுத்தான் போனான்" என்பது மூன்றாவது பொய், எல்லாவற்றிலும் கேவலமான பொய். 14 வயதுப் பிள்ளைக்கு இதில் இஷ்டம் ஏது?

சட்டம் என்ன சொல்கிறது?

2012இல் வந்த போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது ஆகாத எவரும்தான். ஆண், பெண், திருநங்கை என்ற பேதம் அதில் இல்லை. சம்மதம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் மறைத்தால் 6 மாதம் வரை சிறை. ஒரு ஸ்தாபனத்தின் தலைமையில் இருப்பவர் மறைத்தால் 1 வருஷம் வரை. பிள்ளையை ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், வாங்குகிற அதிகாரி காக்கி உடுப்பில் இருக்கக் கூடாது. பெயரை எந்தப் பத்திரிகையும் போடக் கூடாது. "புகார் கொடுத்தால் மானம் போய்விடும்" என்கிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசு கிடையாது.

ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? ஆள்வோரின் மனப்பான்மையைப் பாருங்கள். திருநர் உரிமைக்கென்று 2019இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. திருநர் என்ற காரணத்துக்காகப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, கோர்ட் உத்தரவு வேண்டும் என்று அதில் எழுதினார்கள். நல்லது. ஆனால் திருநர் மீது பாலியல் கொடுமை செய்கிறவனுக்கு அதிகபட்சத் தண்டனை 2 வருஷம் என்று அதே சட்டத்தில் எழுதினார்கள்! பெண்ணைப் பலாத்காரம் செய்தால் குறைந்தபட்சமே 10 வருஷம் என்றிருந்த காலத்தில் இது நடந்தது. 2021இல் இத்தகைய குழந்தைகளை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. ஒரு கையேடு தயாரித்தது. எதிர்ப்புக் குரல் கிளம்பியதும் சில நாட்களிலேயே அதை எடுத்துவிட்டார்கள். ஒரு கையேட்டைக் காப்பாற்ற முடியாதவர்கள் குழந்தையைக் காப்பாற்றுவார்களா?

நாம் செய்ய வேண்டியது

ஆகவே வேலை நம்முடையது. கூலிப் பிரச்னைக்காகச் சங்க ஆபீசுக்கு வருகிற தாய்மார்களில் சிலர், மற்றவர்கள் போன பிறகு தயங்கி நின்று கேட்கிறார்கள்: "பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேங்கிறான். ஏன்னு கேட்டா அழறான்." அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வது?

பிள்ளையை அடிக்காதே, பக்கத்தில் உட்காரவைத்துக் கேள். திடீரென்று பள்ளிக்கூடம் என்றால் நடுங்குகிறானா, ராத்திரியில் அலறுகிறானா, கையில் கணக்குத் தெரியாத காசு இருக்கிறதா என்று பார். அவன் சொன்னதை நம்பு. "உன் மேல் தப்பில்லை" என்று முதலில் சொல். பிறகு தனியே போகாதே, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போ.

அந்த நாலு பேராக நாம் நிற்க வேண்டும். மில் கேட்டில் ஒரு தொழிலாளி மீது கை வைத்தால் ஷிப்டே திரண்டு கேட்கிறது. வயலில் ஒரு பெண்ணை மிராசுதார் ஏசினால் நடவை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறுகிறோம். குழந்தை மீது கை வைத்தால் மட்டும் குடும்ப விவகாரம் என்று ஒதுங்குவதா? தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுவதற்குப் பெற்றோரோடு சங்கத்திலிருந்து ஆள் போகட்டும். டீக்கடையில் "ஒம்போது" என்று எவன் சிரித்தாலும், பக்கத்தில் இருக்கிற தோழர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "நிறுத்து!" என்று சொல்லட்டும்.

நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அ. ரேவதி, சிறு வயதில் அண்ணன்மாரிடம் பட்ட அடியைத் தம் சுயசரிதையில் எழுதி உலகறியச் செய்தார். சேலத்தில் பிறந்த பிரித்திகா யாஷினி, கோர்ட் படியேறிப் போராடி 2017இல் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், பரதக் கலைக்காக 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். இவர்கள் ஊர் கொடுத்த உதவியால் உயரவில்லை, ஊர் கொடுத்த கொடுமையைத் தாண்டி உயர்ந்தார்கள். தாண்ட முடியாமல் விழுந்துபோன பிள்ளைகளின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

கயவனை ஜெயிலில் போடுவது போலீசின் வேலை. அவனுக்கு இரையே கிடைக்காமல் செய்வது நம் வேலை. அதற்குப் பணம் வேண்டாம், மனு வேண்டாம், மந்திரி உத்தரவும் வேண்டாம். நம் தெருவில் எந்தக் குழந்தையும் தனியாக நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்!